அப்பன் புத்தியும் கால் நொடியும்

கேள்வி: எனக்கு 41 வயது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொள்கிற ஆள் நான். அலுவலகக் கூட்டங்களில் மற்றவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே விழுவேன். போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்; அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அப்பாவும் இப்படித்தான். அவருக்கு 66 வயது. கடந்த 2 வருடமாக இன்னும் மோசம், முன்பின் தெரியாதவர்களிடம்கூடக் கூசாமல் எதையாவது சொல்லிவிடுகிறார். 'அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு' என்று வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கும் அதுதான் உண்மை என்று தோன்றுகிறது. ஆனால் என் தங்கை நேர் எதிர், பத்து முறை யோசித்துத்தான் ஒரு வார்த்தை பேசுவாள். கட்டுப்பாட்டைச் சோதிக்கும் இணைய விளையாட்டு ஒன்றை ஆடிப் பார்த்தேன், சராசரி என்று வந்தது. எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்கிறோம் என்கிறது ஒரு நிறுவனம். செய்துகொள்ளலாமா? பிறவிக் குணம் என்றால் மாற்றவே முடியாதா? என் மகனுக்கு 9 வயது. அவனுக்கும் இது வருமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் நேரடிப் பதில்கள். மரபுக்கு இதில் பங்கு உண்டா? உண்டு, கணிசமாகவே. எச்சில் பரிசோதனை வேண்டுமா? வேண்டாம். மாற்ற முடியுமா? முடியும், ஆனால் நீங்கள் முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இல்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு உண்மையில் கவலை தருகிறது. கடைசியில் அதற்கு வருகிறேன், அதுவரை பொறுமையாகப் படியுங்கள். (உங்களிடம் போய் இதைக் கேட்கிறேன், பாருங்கள்.)

நாங்கள் 'தடுப்புக் கட்டுப்பாடு' என்று சொல்வது, அதாவது கிளம்பிவிட்ட செயலைப் பிடித்து நிறுத்தும் திறன், என்ன என்பதை ஒரு சோதனையை வைத்தே காட்டுகிறேன். திரையில் ஓர் அம்பு வரும். இடது பக்கம் காட்டினால் இடது பொத்தான், வலது பக்கம் காட்டினால் வலது பொத்தான். முடிந்தவரை வேகமாக அழுத்த வேண்டும். ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒரு முறை, அம்பு வந்த சற்று நேரத்தில் 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டால் அழுத்தக் கூடாது. நிறுத்திவிட்டீர்கள் என்றால் அடுத்த முறை சத்தம் 50 மில்லி நொடி தள்ளி வரும், நிறுத்துவது கடினமாகும். தவறவிட்டால் 50 மில்லி நொடி முன்னால் வரும். இப்படியே போய், பாதி முறை ஜெயித்துப் பாதி முறை தோற்கிற இடத்தில் கணினி உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பாதிக்குப் பாதி தோல்விதான். என் அறையில் இதைச் செய்கிறவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் 'சே' என்பார்கள். அப்புறம் ஒரு வேடிக்கை நடக்கும். தவறாக அழுத்திய விரலைச் சூடு பட்டதுபோல் வெடுக்கென்று எடுப்பார்கள், எடுத்தால் அழுத்தியது இல்லையென்று ஆகிவிடும் என்பதுபோல. அனுப்பிய செய்தியை அழிக்க ஓடுகிற விரலும் அதே விரல்தான்.

கார்டன் லோகன், வில்லியம் கோவன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984ல் இதை ஒரு பந்தயமாக விளக்கினார்கள். 'செய்' என்கிற ஓட்டமும் 'நிறுத்து' என்கிற ஓட்டமும் மூளையில் தனித்தனியாக ஓடுகின்றன. எது முதலில் கோட்டைத் தொடுகிறதோ அது ஜெயிக்கிறது. நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞர்களில் 'நிறுத்து' ஓடி முடிக்கப் பொதுவாக 200 முதல் 250 மில்லி நொடி ஆகும், சுமார் கால் நொடி. வலது முன்மூளையின் கீழ்ப்பகுதியும், மூளையின் அடியாழத்தில் இருக்கும் ஒரு சிறு நரம்பணுத் திரளும் இந்த வேலையில் முக்கியமானவை. ஆளுக்கு ஆள் அந்தக் கால் நொடி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இந்தப் பந்தயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, மரபு எங்கே வருகிறது? இதைப் பிரித்துப் பார்க்க எங்களிடம் இருக்கும் நல்ல வழி இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரு கருவில் வந்த இரட்டையர், மற்ற அண்ணன் தம்பி அக்கா தங்கைகளைப் போலவே சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு அதிகமாக ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தால் மரபின் பங்கு தெரியவரும். 2019ல் 31 ஆய்வுகளை, 30,000க்கு மேற்பட்ட இரட்டையர்களின் தரவுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. தன்னடக்கத்தில் (முழு ஒற்றுமைக்கு 1, ஒற்றுமையே இல்லாவிட்டால் 0 என்று வைத்தால்) ஒருகரு இரட்டையரின் ஒற்றுமை 0.58, இருகரு இரட்டையரின் ஒற்றுமை 0.28. இரண்டுக்கும் இடையிலான 0.30ஐ இரட்டித்தால் 60 சதவீதம். அதுதான் மரபின் பங்கு.

அந்த 0.28ஐ இன்னொரு முறை பாருங்கள். உடன்பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவுதான் ஒத்துப்போகிறார்கள். 'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்கிற பழமொழிக்கு உங்கள் தங்கை பொருந்தவில்லையே என்று யோசிக்கிறீர்கள். பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. ஒரே அப்பாவிடமிருந்து நீங்கள் வாங்கியதும் தங்கை வாங்கியதும் வேறு வேறு பாதி. அம்மாவிடமிருந்தும் அப்படியே. மரபு என்றால் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இவ்வளவு வேறுபட்டு இருப்பதற்கும் மரபுதான் ஒரு பெரிய காரணம்.

இணையத்தில் தேடினால் இதைவிடப் பயமுறுத்தும் ஓர் எண் உங்கள் கண்ணில் படும், பட்டிருக்கவும் கூடும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நவோமி ஃப்ரீட்மேன், அகிரா மியாகே குழுவினர் 2008ல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வில் மரபின் பங்கு 99 சதவீதம் என்று இருக்கும். அந்த 99 எதனுடையது என்பதுதான் விஷயம். அவர்கள் தடுப்புத் திறனை மூன்று விதமாகச் சோதித்தார்கள். ஒன்று, நான் மேலே சொன்னது மாதிரியான நிறுத்தும் சோதனை. இரண்டாவது, 'சிவப்பு' என்ற சொல்லை நீல நிறத்தில் காட்டி, நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வது; ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935லேயே எழுதிவைத்த பழைய வித்தை. மூன்றாவது, இடது பக்கம் ஒளி மின்னினால் கண்ணை வலது பக்கம் திருப்ப வேண்டும். இந்தச் சோதனைகளைத் தனித்தனியாக எடுத்தால் மரபின் பங்கு அதைவிட வெகுவாகக் குறைவு. நினைவை உடனுக்குடன் புதுப்பிப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவற்றையும் சேர்த்து, எல்லாச் சோதனைகளுக்கும் அடியில் பொதுவாக ஓடும் ஒரு திறனைப் புள்ளியியல் முறையில் வடித்தெடுத்தபோது, அந்தத் திறனில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டுக்குத்தான் 99. சோதனைக்குச் சோதனை வருகிற தடுமாற்றத்தை எல்லாம் வடிகட்டிவிட்ட பிறகு வரும் எண் அது. அந்தப் பொதுத் திறன் என்னவென்று கேட்டால், 'நான் இப்போது எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன்' என்பதை மனதில் விடாமல் பிடித்துவைத்திருப்பது என்று சொல்லலாம். 17 வயதில் சோதித்த அதே இரட்டையர்களை 23 வயதில் திரும்பச் சோதித்தபோதும், யார் முன்னே யார் பின்னே என்ற வரிசை பெரிதாக மாறவில்லை.

இந்தச் சதவீதங்களைப் படிக்கும்போது ஒரு தவறு எல்லோருக்கும் வருகிறது. 60 சதவீதம் மரபு என்றால் உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் அப்பா போட்ட முதலீடு என்று அர்த்தம் ஆகாது. ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. தனி ஒருவருக்குள் அதைக் கொண்டுவந்து வைக்க முடியாது. மாற்ற முடியுமா முடியாதா என்பதையும் அது சொல்லாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய் இருக்கிறது, முழுக்க முழுக்க மரபணுக் கோளாறு. கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும். பிறந்தவுடன் கண்டுபிடித்து உணவை மட்டும் மாற்றினால் குழந்தை மற்றவர்களைப் போல வளர்கிறது. மரபணு அப்படியே இருக்கிறது, விளைவு வேறு.

இனி அந்த எச்சில் பரிசோதனை. அவர்கள் பெரும்பாலும் பார்ப்பது காம்ட் என்ற மரபணுவின் ஒரு மாறுபாட்டை. முன்மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது அந்த மரபணு. ஒரு வகைக்குப் 'போர்வீரன்' என்றும் இன்னொரு வகைக்குக் 'கவலைக்காரன்' என்றும் யாரோ பெயர் சூட்ட, விற்பனைக்கு வசதியாகப் போய்விட்டது. 2000களில் சில நூறு பேரை வைத்து இது மாதிரி ஒற்றை மரபணு ஆய்வுகள் ஏராளமாக வந்தன. திரும்பச் செய்தபோது பெரும்பாலானவை நிலைக்கவில்லை. பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் மரபணு, உடல்நலத் தகவல்களைத் திரட்டிவைத்திருக்கும் யுகே பயோபேங்க் தரவில் 4 லட்சத்து 27 ஆயிரம் பேரை எடுத்து, மேலே சொன்ன அந்தப் பொதுத் திறனோடு மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பிட்ட ஆய்வு 2023ல் வெளியானது. அந்தத் திறனோடு சேர்ந்து போகிற 129 மரபணுக் குறிகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் விளைவும் துளியூண்டு. அதில் எனக்குப் பிடித்த செய்தி, அவை சுட்டிக்காட்டியது எல்லோரும் எதிர்பார்த்த டோபமைனை அல்ல, நரம்பணுக்கள் தங்களுக்குள் வேகமாகச் செய்தி கடத்தும் வழிகளை. குறிப்பாக, அடக்கும் வேலையைச் செய்யும் காபா என்ற வேதிப்பொருளின் வழியை. மூளையில் 'நிறுத்து' என்பதைச் சொல்லும் முக்கிய வேதிப்பொருளே அதுதான். ஆக, இத்தனை சிறு துளிகள் சேர்ந்த ஒன்றை ஒரே ஒரு மாறுபாட்டைப் பார்த்து உங்களுக்குச் சொல்லிவிட முடியாது. சொன்னாலும் அதை வைத்துக்கொண்டு நீங்கள் நாளை காலை வித்தியாசமாகச் செய்யப்போவது ஒன்றும் இல்லை.

'ஒற்றை மரபணுவே தீர்மானிக்கும் என்று படித்தேனே' என்று நீங்கள் கேட்கலாம். ஃபின்லாந்து கதையைத்தான் படித்திருப்பீர்கள். 2010ல் அந்த நாட்டில், முன்யோசனை இல்லாமல் கொடிய வன்முறையில் இறங்கிய கைதிகளை ஆராய்ந்தபோது, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பி ஒன்றின் மரபணுவைப் பாதியில் முறித்துவிடும் மாறுபாடு அவர்களிடம் கூடுதலாக இருந்தது. அது ஃபின்லாந்து மக்களிடம் மட்டுமே காணப்படுவது. கதையின் பாதி இது. மறுபாதி: அதே மாறுபாட்டோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபின்லாந்துக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்காமல் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். சிறைக்குப் போனவர்கள் குற்றத்தைச் செய்தபோது பெரும்பாலும் குடித்திருந்தார்கள். மரபணு தானாக எதையும் செய்துவிடவில்லை, போதையோடு கூட்டுச் சேர்ந்தபோதுதான் செய்தது.

இணைய விளையாட்டில் சராசரி வந்ததே, அது எப்படி? இதில் உங்களுக்கு மட்டும் குழப்பம் இல்லை, எங்கள் துறைக்கே சில வருடங்களாகத் தலைவலி. ஆய்வகச் சோதனையின் மதிப்பெண்ணும், 'நான் அவசரப்படுகிறவன்' என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதும் மிக லேசாகத்தான் ஒத்துப்போகின்றன. இந்தச் சோதனைகள் ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட நல்லவை, தனி ஆளைத் தரம்பிரிக்கப் போதாது. இன்று ஆடியதும் அடுத்த மாதம் ஆடுவதும் வேறு எண்ணைத் தரலாம். அதோடு, திரையில் வரும் அம்புக்கு உங்கள் மேல் பழைய மனத்தாங்கல் எதுவும் கிடையாது. அண்ணனுக்கு உண்டு. உணர்ச்சி கொதிக்கும்போது மட்டும் கட்டுப்பாடு நழுவுவது தனி வகை. அம்பு விளையாட்டு அதைத் தொடுவதேயில்லை. நீங்கள் பொய்யும் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பள்ளி நாள்களிலிருந்தே இப்படியா? பொருளை மறந்து வைப்பது, ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவது, வரிசையில் நிற்க முடியாமல் தவிப்பது, இதெல்லாம் கூடவே உண்டா? உண்டென்றால் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டு நிலைக்கு ஒரு மனநல மருத்துவரிடம் முறையாக மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அது பெரியவர்களுக்கும் தொடரக்கூடியது. மரபின் பங்கு சுமார் 74 சதவீதம், மனநலத் துறையில் மிக அதிகமானவற்றில் ஒன்று. ஆனாலும் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. மரபு என்றாலே கைவிரிக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

இப்போது அந்தப் பந்தயத்துக்குத் திரும்புவோம். 'நிறுத்து'வின் ஓட்ட வேகத்தைக் கூட்ட முடியுமா என்று கேட்டால், மூளைப் பயிற்சி விளையாட்டுகளை நம்ப வேண்டாம் என்பேன். ஆட ஆட அந்த ஆட்டத்தில்தான் தேர்ச்சி வருகிறது, அண்ணனிடம் பேசும் இடத்துக்கு அது வந்து சேர்வதில்லை. வேகத்தைக் கூட்ட முடியாவிட்டாலும் 'செய்'யின் பாதையை நீட்டிவிடலாம். நீங்கள் பிரேக்கை முறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். நான் தூரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். கோபத்தில் எழுதும் செய்தியை, பெறுபவர் பெயரே இல்லாத குறிப்புச் செயலியில் எழுதுங்கள். எழுதுவதைத் தடுக்க வேண்டாம், அது முடியாது. ஆனால் அங்கே 'அனுப்பு' பொத்தான் கிடையாது. நகலெடுத்து, அண்ணனின் பெயரைத் தேடி, ஒட்டி அனுப்ப அரை நிமிடமாவது ஆகும். கால் நொடியில் ஓட வேண்டியவனுக்கு அரை நிமிடம் என்பது மாரத்தான். கூட்டங்களில் கையில் பேனா இருக்கட்டும். 'குறுக்கே பேசத் தோன்றினால், முதல் வார்த்தையைத் தாளில் எழுதுவேன்' என்று முன்கூட்டியே ஒரு 'இப்படி வந்தால் இப்படி' என்ற தீர்மானம். 'இனிமேல் பொறுமையாக இருப்பேன்' என்ற சபதத்தைவிட இப்படிக் குறிப்பான தீர்மானம் வேலை செய்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து காட்டிவருகிறார். அப்புறம், மணி பதினொன்றரை. தூக்கம் கெட்ட மூளையும் மது ஏறிய மூளையும் 'நிறுத்து'வை இன்னும் மெதுவாக ஓட்டுகின்றன. இரவு ஒன்பதுக்கு மேல் குடும்ப விவகாரம் எதற்கும் பதில் போடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அந்த ஒரு நேரக் கட்டுப்பாட்டிலேயே குறையலாம் என்பது என் ஊகம்.

ஜெர்மனியில் 205 பேருக்கு ஒரு வாரம் கருவி கொடுத்து, நாளில் பல முறை அது ஒலிக்கும்போதெல்லாம் 'இப்போது என்ன ஆசை, அதோடு போராடுகிறீர்களா' என்று கேட்டார்கள். 2012ல் அது வெளியானபோது பலருக்கு ஆச்சரியம். தன்னடக்கம் மிகுந்தவர்கள் அதிகமாகப் போராடி ஜெயிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், அவர்கள் போராடியதே குறைவு. சபலம் வருகிற இடத்தில் அவர்கள் இருப்பதில்லை. உங்கள் தங்கையைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரியில் போனை எங்கே வைக்கிறார் என்று.

மகனைப் பற்றி. உங்களிடமிருந்து அவனுக்குப் போயிருப்பது பாதி, அதிலும் எந்தத் துளிகள் போயின என்று யாருக்கும் தெரியாது. உங்களைவிடச் சராசரிக்கு நெருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73ல் பிறந்த ஆயிரம் பேரைச் சிறுவயதிலிருந்து தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். சிறுவயதில் தன்னடக்கம் குறைந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலமும் பணநிலையும் சராசரியாகக் கொஞ்சம் மோசமாக இருந்தன என்பது பலருக்கும் தெரிந்த பகுதி. அதிகம் பேசப்படாத பகுதி, வளர வளரத் தன்னடக்கம் கூடியவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள் என்பது. அப்படிக் கூடியவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் உங்களுக்கு வேண்டும். அவனிடம் மட்டும் 'அப்பன் புத்தி' என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 9 வயதில் அது விளக்கமாகக் காதில் விழாது, தீர்ப்பாக விழும்.

இப்போது அந்த ஒரு வரி. 'கடந்த 2 வருடமாக இன்னும் மோசம்.'

அப்பா எப்போதும் அப்படித்தான் என்று குடும்பமே நம்புவதால், புதிதாக வந்த மாற்றம் யார் கண்ணிலும் படவில்லை என்று நினைக்கிறேன். பிறவிக் குணம் 64 வயதில் திடீரென்று வேகமெடுக்காது. சாதாரணமாக வயது ஏற ஏற மனிதர்கள் அவசரம் குறைந்தவர்களாகத்தான் ஆகிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் கூச்சமில்லாமல் பேசுவது புதிது என்றால், அதற்குக் காரணம் தேட வேண்டும். பார்கின்சன் நோய்க்கோ, கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்பு வந்து தூக்கம் கெடுவதற்கோ டோபமைன் போலச் செயல்படும் மாத்திரை எடுக்கிறாரா? அந்த மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு, அடக்கமின்மை எல்லாவற்றையும் கிளப்பிவிடும், அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இல்லையென்றால் முன்மூளையையும் பக்கவாட்டு மூளையையும் தாக்கும் ஒரு வகை மறதிநோயை நினைக்க வேண்டும். பெயர்தான் மறதிநோய். ஆரம்பத்தில் நினைவு நன்றாகவே இருக்கும், கெடுவது நாசூக்கும் இரக்கமும். பலருக்கு 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. 'வயசானா இப்படித்தான்' என்றும் 'அவர் சுபாவமே அதுதான்' என்றும் சொல்லியே வருடங்கள் போய்விடும். இரத்தக்குழாய் அடைப்பு, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு என்று வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றில் சில எளிதாகச் சரியாகக்கூடியவை.

மரபணுப் பரிசோதனைக்கு உண்மையிலேயே அர்த்தம் வரும் இடமும் இதுதான். அந்த மறதிநோய் சில குடும்பங்களில் ஒற்றை மரபணு வழியாக வருகிறது, பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்போடு. ஆனால் அதை எச்சில் உறையில் அனுப்பிச் செய்வதில்லை. முதலில் நோய் உள்ளவருக்கு, நரம்பியல் மருத்துவர் சொன்ன பிறகு, மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்வது. இப்போதே அதை நினைத்துப் பயப்பட வேண்டாம், நாம் இன்னும் அந்த வாசலுக்கே வரவில்லை.

நரம்பியல் மருத்துவரிடம் இந்த மாதமே நேரம் வாங்குங்கள். போவதற்கு முன் அம்மாவையோ அப்பாவோடு தினமும் இருப்பவரையோ தனியாகக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: முதலில் கவனித்த சம்பவம் எது, எந்த மாதம், சாப்பாட்டுப் பழக்கம் மாறியதா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரா, பணத்தைக் கையாளும் விதம் மாறியதா, மற்றவர் அழுதால் முன்போல் பதறுகிறாரா. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அப்பாவை மட்டும் அனுப்பாதீர்கள். தனக்கு எந்த மாற்றமும் இல்லை என்று அவர் மனதாரச் சொல்வார். தங்கையையும் அழைத்துப் போங்கள், முடிந்தால் அண்ணனையும். அவரிடம் பேச்சை மறுபடி தொடங்க அந்தச் செய்தியைப் பற்றி எழுதுவதைவிட அப்பாவைப் பற்றி எழுதுவது சுலபம். பகலில் எழுதுங்கள்.